குளியலறைத் தாழ்ப்பாள்: ஓர் அம்மாவின் களைப்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

ஆட்டிசமுள்ள எட்டு வயதுப் பையன் ஒருவனின் கோப்பு எங்கள் சிகிச்சை மைய அலமாரியில் நான்கு வருடமாக இருக்கிறது. தடித்துப் போனதால் நாடா போட்டுக் கட்டி வைத்திருக்கிறோம். எத்தனை நொடி முகம் பார்த்தான், எத்தனை சொல் சொன்னான், கரண்டியை எந்தக் கையில் பிடித்தான் என்பதெல்லாம் தேதிவாரியாக அதில் உண்டு. வாரம் மூன்று நாள் அவனைக் கூட்டிவந்து, வெளித்திண்ணையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்து, திரும்பக் கூட்டிப்போகும் அம்மாவைப் பற்றி ஒரே வரிதான்: “தாய், வயது 30, இல்லத்தரசி, ஒத்துழைப்பு நன்று.”

அது என் கையெழுத்து. இந்த ஆய்வை எழுத அதுவும் ஒரு காரணம்.

நான் திருப்பூரில் ஒரு சின்ன சிகிச்சை மையத்தில் மறுவாழ்வு உளவியலாளர். சின்ன மையம் என்பதால் சிறப்புக் கல்வியும் என் தலையில்தான். குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வந்த விதம்

ஜூன் மாதம், பள்ளி திறந்து இரண்டாவது வாரம். பையனின் நேரம் முடிந்து வெளியே கூட்டிவந்தபோது அம்மா திண்ணைத் தூணில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவன் போய் முந்தானையைப் பிடித்து இழுத்தான். எழவில்லை. ஆயாம்மா தோளைத் தொட்டு உலுக்கியதும் பதறி எழுந்தவர், முதலில் வாசல் கேட் பூட்டியிருக்கிறதா என்று பார்த்தார். அப்புறம் பையனைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்து, “மன்னிச்சுக்குங்க மேடம்” என்றார்.

உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு சொன்னார்: “நேத்து ராத்திரி இவன அடிச்சுட்டேனுங்க மேடம். முன்னாடியும் ஒண்ணு ரெண்டு தடவ அடிச்சிருக்கறேன். அப்பெல்லாம் விடியற வரைக்கும் அழுதுட்டு உக்காந்திருப்பேன். நேத்து அடிச்சதுக்கப்புறம் ஒண்ணுமே தோணலீங்க. செவுத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துட்டேன். அதுதானுங்க பயமா இருக்குது.”

அந்தப் பயம் சரியான பயம். பெல்ஜியத்தில் லூவேன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இசபெல் ரோஸ்காம், மொய்ரா மிகோலாய்சாக் இருவரும் தங்கள் குழுவினரோடு 2018இல் பெற்றோரின் மனத்தளர்வை அளக்க 23 கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டார்கள். அது நான்கு விஷயங்களைத் தேடுகிறது: தீராத சோர்வு, ‘நான் முன்னே இப்படி இல்லையே’ என்ற நினைப்பு, அம்மாவாக, அப்பாவாக இருப்பதே சலித்துப்போவது, பிள்ளையை விட்டு மனம் விலகுவது. கேள்வித்தாளை எடுப்பதற்கு முன்பே நான்கையும் இவர் ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிட்டார். சோர்ந்த தாய் எங்கள் மையத்தில் தினமும் பார்க்கிற காட்சி. ‘ஒண்ணுமே தோணலை’ என்று சொல்கிற தாயை அன்றே உட்கார வைத்துப் பேசியாக வேண்டும்.

பையனின் உடம்பைப் பார்த்தேன். காயம் ஏதும் இல்லை. அம்மாவின் முழங்கைக்குக் கீழே பல் பதிந்த தழும்புகள் இருந்தன. சில புதியவை, சில பழையவை.

வீடும் நாளும்

அம்மாவுக்கு இப்போது வயது 34. கணவர் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். மூத்தது பெண், பதினொன்று வயது, ஆறாம் வகுப்பு. பையனுக்கு எட்டு, ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் சேர்ந்து உண்டு. (நம் அரசுப் படிவங்களில் ஆட்டிசத்துக்குப் ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்று ஒரு பெயர் இருக்கிறது. இந்தப் பையன் புற உலகத்தின் ஒவ்வொரு சத்தத்துக்கும் காதைப் பொத்துகிறவன். அந்தப் பெயரை வைத்தவர் இவனோடு ஒரு மணி நேரம் இருந்திருந்தால் வேறு பெயர் தேடியிருப்பார்.) கணவரின் அம்மா, அதாவது பையனின் அப்பத்தா, கூடவே இருக்கிறார். அவருக்கு மூட்டுவலி.

ஒரு நாள் எப்படிப் போகிறது என்று கேட்டு, மணிவாரியாக எழுதிக்கொண்டேன். இரவு பதினொன்றுக்குப் பையன் தூங்குவான். இரண்டரைக்கு எழுந்துவிடுவான். எழுந்தால் கட்டிலில் குதிப்பது, கைதட்டுவது, கதவைத் தள்ளுவது. அம்மா அவனைக் கூடத்துக்குக் கூட்டிவந்து உட்கார்ந்துகொள்வார். அப்பாவை எழுப்புவதில்லை. நான் இதைக் கொஞ்சம் குற்றம் பிடிக்கும் குரலில் கேட்டேன் என்று நினைக்கிறேன். அவர் சொன்ன பதில் என்னை வாயடைத்தது: “கட்டிங் மெசின் முன்னாடி நிக்கறவருங்க மேடம். கண்ணு அசந்தா விரல் போயிருமுங்க.”

காலையில் சமையல். குக்கர் விசில் பையனுக்கு ஆகாது. அதனால் கல்யாணச் சீராக வந்த குக்கர் பரணில் இருக்கிறது. சோறு பானையில் வடிப்பதுதான். மிக்சி சத்தமும் ஆகாது. சட்னிக்குப் பக்கத்து வீட்டுக்குத் தட்டோடு போய் அரைத்து வருகிறார். பையன் மொறுமொறு தோசை தவிர எதுவும் சாப்பிட மாட்டான். நடுவில் வெள்ளையாக ஒரு இடம் இருந்தாலும் தட்டு பறக்கும். நல்ல தண்ணீர் வருகிற நாளில் இதெல்லாவற்றோடு குடம் தூக்குவதும் சேரும்.

ஒன்பதரைக்குப் பள்ளிக்கூடம். ஓடிவிடுவான் என்பதால் அம்மாவும் வகுப்பு வாசலில் உட்கார வேண்டும் என்று பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். மதியம் வரை அங்கே. வாரம் மூன்று நாள் அங்கிருந்து டவுன் பஸ்ஸில் எங்கள் மையம். பஸ்ஸில் பெண்களுக்கு 2021இலிருந்து டிக்கெட் இல்லை, அந்த ஒரு செலவு மிச்சம். சாயங்காலம் நான் கொடுத்த வீட்டுப் பயிற்சி. ராத்திரி பெண்ணின் வீட்டுப்பாடம், பாத்திரம், துணி, படுக்கை.

“குளிக்க எவ்வளவு நேரம்?” என்று கேட்டேன். மூன்று நிமிடமாம். கதவைத் தாழ்ப்பாள் போடுவதில்லையாம், பாதி திறந்தபடி, காதை வெளியே வைத்துக்கொண்டு. மூன்று வருடம் முன்பு ஒரு தரம் குளித்துக்கொண்டிருந்தபோது பையன் வாசல் கதவைத் திறந்து மெயின் ரோட்டுக்குப் போய்விட்டான். ஒரு ஆட்டோக்காரர் தூக்கி வந்து விட்டார். அன்றைக்கு வாசல் கதவுக்கு மேல்பக்கம் ஒரு தாழ்ப்பாள் புதிதாக வந்தது. குளியலறைத் தாழ்ப்பாள் அன்றோடு நின்றது.

மதிப்பீடு

மனச்சோர்வுக்கான பி.எச்.க்யூ-9 கேள்வித்தாளில் 27க்கு 18. பதினைந்துக்கு மேல் போனாலே கடுமையின் பக்கம் சாய்ந்துவிட்டதாக அர்த்தம். ஜாரிட் பராமரிப்புச் சுமை அளவுகோலில் 88க்கு 63. இது முதலில் மறதிநோய் வந்த முதியவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காக உருவானது. நம் அம்மாக்களிடம் கேட்கும்போது சில கேள்விகள் இடறும். உங்கள் வாழ்க்கை உங்கள் பிடியில் இல்லை என்று தோன்றுகிறதா என்ற கேள்விக்கு இவர், “என்ற வாழ்க்கைன்னு தனியா என்னங்க இருக்குது?” என்று திருப்பிக் கேட்டார். மதிப்பெண் போட எனக்குத் தெரியவில்லை. 4 போட்டேன்.

பி.எச்.க்யூ-9இன் ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. “தூங்குனா காலைல எந்திரிக்காமப் போயிட்டாத் தேவலைன்னு தோணுமுங்க. அப்புறம் இவன யாரு பாப்பாங்கன்னு தோணும், எந்திரிச்சுருவேன்” என்றார். இங்கே சுற்றி வளைக்கக் கூடாது. தன்னையோ பையனையோ ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் உண்டா, எப்படி என்று யோசித்ததுண்டா என்று நேராகவே கேட்டேன். இல்லை என்றார், நம்பும்படியாகத்தான். கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். கேட்டதில் அவர் முகம் தளர்ந்ததைத்தான் நான் பார்த்தேன். அவருடைய அனுமதியோடு கணவருக்கு அன்றே போன் செய்தேன். மறுநாள் அரசு மருத்துவமனை மனநல மருத்துவரிடம் போக ஏற்பாடு. இரவில் யாரும் எடுக்காத நேரத்துக்கு, மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416 அவர் செல்போனில் முதல் பெயராக ஏறியது. தமிழிலும் பேசலாம், காசு இல்லை.

இன்னொன்றும் செய்தேன். இதை எங்கள் துறையில் பலர் மறந்துவிடுகிறோம்: ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினேன். தைராய்டு சரியாக இருந்தது. ஹீமோகுளோபின் 8.1. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். விசாரித்தால் இரண்டு வருடமாக மாதவிலக்கில் எட்டு நாள் ரத்தப்போக்கு. யாரிடமும் சொல்லவில்லை, சொல்ல நேரம் வரவில்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அப்படியிருக்க, ஆட்டிசக் குழந்தையின் அம்மா ‘அசதியா இருக்குது’ என்றதும் ‘ஸ்ட்ரெஸ்’ என்று முடிவுகட்டுவது எவ்வளவு பெரிய சோம்பேறித்தனம்! இரும்புச்சத்து இல்லாத உடம்புக்குத் தியானம் சொல்லிக்கொடுக்கத்தான் நானும் கிளம்பியிருந்தேன். அவர் ஒரு நாளைக்கு ஆறு டீ குடிப்பவர். மாத்திரையையும் டீயையும் சேர்த்துப் போட்டால் இரும்பு உடம்பில் ஒட்டாது என்பதை முதலில் சொல்ல வேண்டியிருந்தது.

என் நோட்டு

இந்தக் களைப்பு எங்கிருந்து வந்தது என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். தூக்கம், ரத்தம், பயம், பணம், உறவுக்காரர் பேச்சு. மாமியார் கெட்டவர் இல்லை, ஆனால் “வயித்துல இருக்கறப்ப எந்நேரமும் டீவி பாத்துட்டுக் கெடந்தா” என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார். அம்மாவைக் குற்றம் சொல்வது திருப்பூர் மாமியார்கள் கண்டுபிடித்ததும் இல்லை. அமெரிக்காவில் புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் புத்தகம் போட்டே தாயின் பாசக் குறைதான் ஆட்டிசத்துக்குக் காரணம் என்றார். அது தவறு என்று, ஓர் ஆட்டிசப் பையனின் தகப்பனும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லண்ட் 1964லேயே எழுதியிருந்தார். ஆனாலும் பழி போக வெகுகாலம் ஆனது.

தாளில் கடைசியாக ஒன்று மிச்சம் இருந்தது. வீட்டுப் பயிற்சி நோட்டு. கொண்டுவரச் சொல்லிப் புரட்டினேன். மணி கோத்தல், படம் பொருத்தல், வாய்ப் பயிற்சி, பிரஷ் தேய்ப்பு, ஊஞ்சல், நிறம், எண். நான்கு வருடத்தில் நானும் எங்கள் மையத்தின் மற்ற இருவரும் ஆளாளுக்குச் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறோம், எதையும் எடுக்கவில்லை. கூட்டிப் பார்த்தேன்: நாளைக்கு 2 மணி 10 நிமிடம். எல்லாக் கட்டத்திலும் டிக். ஒரு நாள்கூட விடாமல் டிக். ஆனால் மே மாதப் பக்கத்தில், ஒரே பேனாவில், ஒரே சாய்வில், பதினைந்து நாளுக்கான டிக்குகள் வரிசையாக இருந்தன. செய்யாததைச் செய்ததாக ஒரே மூச்சில் போட்டிருக்கிறார், நான் திட்டுவேன் என்று. நானும் அந்தப் பக்கத்தில் ‘குட்’ என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தில் 2010இல் வந்த ஆய்வுகளை எங்கள் பயிற்சி வகுப்புகளில் அடிக்கடிச் சொல்வோம். ஆட்டிசமுள்ள வளர்ந்த பிள்ளைகளின் தாய்மாரிடம் கார்டிசால் என்ற ஹார்மோனை அளந்தார்கள். மன அழுத்தம் என்றால் அது ஏறித்தானே இருக்க வேண்டும்? தாழ்ந்திருந்தது. காலையில் கண் விழித்த அரை மணியில் கார்டிசால் ஏறி, பகல் முழுக்க மெல்ல இறங்குவதுதான் இயல்பு. அந்த ஏற்றம்தான் நம்மை எழுந்து நடக்க வைக்கிறது. வருடக்கணக்கில் அழுத்தத்தில் இருக்கிறவர்களுக்கு அந்த ஏற்றமே மந்தமாகிவிடுகிறது. போர்முனை வீரர்களோடு ஒப்பிட்டுப் பத்திரிகைகள் எழுதியது இதைத்தான். கூடவே நடந்த இன்னோர் ஆய்வில், இந்தத் தாய்மார் மற்ற தாய்மாரைவிட நாளைக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் அதிகமாகப் பராமரிப்பில் செலவிடுகிறார்கள் என்று தெரிந்தது. இரண்டு மணி நேரம். என் நோட்டின் கணக்கும் கிட்டத்தட்ட அதுவேதான்.

நோட்டை மூடி வைத்தேன். அடுத்த மூன்று மாதத்துக்கு இரண்டே வேலை: குளிக்கும்போது உடம்பு உறுப்புகளின் பெயர், சாப்பிடும்போது ‘இன்னும் வேணும்’ என்று கை காட்டுவது. தனியாக உட்கார வேண்டாம், டிக் வேண்டாம். அவர் நிம்மதியடைவார் என்று நினைத்தேன். “அவனக் கைவிடறீங்களா மேடம்?” என்று கேட்டார். இதை விளக்க இரண்டு சந்திப்பு பிடித்தது.

தூக்கம்

மருந்து ஒரு பக்கம் நடந்தது. மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரையை ‘பைத்தியக்கார மாத்திரை’ என்று அப்பத்தா ஒளித்து வைத்தார். சர்க்கரைக்கு அவர் போடும் மாத்திரையைக் காட்டி, இதுவும் அப்படித்தான் என்று மருத்துவரே சொன்னதும் திரும்பி வந்தது. மகளிர் மருத்துவர் ரத்தப்போக்குக்குத் தனியாகப் பார்த்தார். அதையெல்லாம் அவரவர் துறைக்கு விட்டுவிடுகிறேன்.

நான் பிடித்துக்கொண்டது தூக்கத்தை. பையனின் தூக்கம் கெட ஒரு சின்னக் காரணம் அகப்பட்டது: மதியம் வீட்டுக்கு வந்ததும் இரண்டு மணி நேரம் தூங்குகிறான். அந்த நேரத்தில்தான் அம்மா துணி துவைப்பார், அதனால் யாரும் எழுப்புவதில்லை. மதியத் தூக்கத்தை அரை மணியாகக் குறைத்தோம். முதல் பத்து நாள் நரகம், அதை மறைக்க வேண்டியதில்லை. குழந்தை மருத்துவர் தூக்கத்துக்கு உதவும் மெலடோனினும் கொடுத்தார். நாலு வாரத்தில் இரண்டரை மணி நாலரை ஆனது.

ஆனால் அம்மாவுக்குத் தொடர்ச்சியான தூக்கம் வேண்டுமென்றால் அந்த நாலரைக்கு எழுவது வேறு ஆளாக இருக்க வேண்டும். அப்பாவை வரச் சொன்னேன். “எங்கிட்ட வரமாட்டானுங்க மேடம். அவ இல்லாட்டி ஊரக் கூட்டிருவான்” என்றார். எட்டு வருடத்தில் பையனோடு ஒரு மணி நேரம் தனியாக இருந்ததில்லை. பாசம் இல்லாமல் இல்லை, பயம். யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. நாங்களும்தான். நான்கு வருடமாகப் பயிற்சியை அம்மாவுக்கு மட்டுமே கொடுத்தோம்.

ஆறு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் பையனும் மட்டும் மையத்துக்கு வந்தார்கள். அம்மா வரக் கூடாது என்பது விதி. முதல் ஞாயிறு நாற்பது நிமிடமும் அலறல். மூன்றாவது ஞாயிறு அப்பா ஒரு பெரிய சாக்கு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். கம்பெனியில் கழித்துப்போடும் பனியன் கட்டிங் வேஸ்ட்டைத் திணித்து, வாயை ஓவர்லாக் அடித்திருந்தார். “மேல ஏதாச்சும் அமுத்துனா அமைதியாயிருவான்னு சொன்னீங்கள்ல” என்று மூட்டையைத் தரையில் போட்டார். பையன் சுற்றிச் சுற்றி வந்து மோந்து பார்த்தான். அப்பா வேலை முடிந்து வரும் வாசனை அதில் இருந்திருக்க வேண்டும். பிறகு முகம் குப்புற அதன்மேல் விழுந்தான், இன்னொரு சின்ன மூட்டையை முதுகில் ஏற்றச் சொல்லி அப்பாவின் கையை இழுத்தான். அந்த மூட்டையை விலை கொடுத்து வாங்க வேண்டுமானால் பல ஆயிரம். இப்போது எங்கள் மையத்தில் அப்படி மூன்று கிடக்கின்றன.

அதன் பிறகு செவ்வாய், சனி இரவுகள் அப்பாவின் முறை. அந்த இரு இரவும் அம்மா மகளோடு உள்ளறையில் கதவைச் சாத்திப் படுப்பார். ஷிப்மென்ட் வாரத்தில் மட்டும் செவ்வாய் விடுப்பு. கட்டிங் மெஷின் விஷயத்தில் எனக்கும் இப்போது பயம் உண்டு. அம்மாவுக்குக் கோபம் தலைக்கேறும்போது என்ன செய்வது என்பதற்கும் மூட்டைதான் வழியானது: பையனை அதில் படுக்க வைத்துவிட்டு, பார்வை படும் தூரத்தில் வாசற்படிக்குப் போய் உட்கார்ந்து கணவருக்கு மிஸ்டு கால். அடி திரும்ப நடக்கவில்லை என்று அவர் சொல்கிறார். நான் நம்புகிறேன்.

“உங்களுக்குன்னு என்ன செய்யணும்?”

இந்தக் கேள்வியை நான் ஆகஸ்ட் வரை கேட்கவில்லை. முன்பெல்லாம் முதல் நாளே கேட்பேன். ‘உங்களையும் கவனிச்சுக்குங்க, பாட்டுக் கேளுங்க, நடங்க’ என்று அறிவுரையும் தருவேன். பிள்ளையைக் கையில் பிடித்துக்கொள்ள ஆள் இல்லாதவரிடம் அதைச் சொல்வது இன்னொரு வீட்டுப்பாடம் கொடுப்பதுதான். அதுவும் நோட்டில் பொய் டிக்காகத்தான் முடியும்.

ஆகஸ்டில் கேட்டபோது வெகுநேரம் யோசித்தார். யோசிக்க யோசிக்கக் கண் கலங்கியது. பிடித்தது என்று எதுவும் நினைவுக்கு வரவில்லை என்றார். அடுத்த வாரம் அவரே சொன்னார்: “தலைக்கு எண்ணெ வெச்சு, சீயக்கா போட்டு, நிதானமாக் குளிக்கோணுமுங்க. கதவச் சாத்திட்டு.”

ஒரு சனிக்கிழமை, அப்பா வீட்டில் இருக்கும்போது என்று நாள் குறித்தோம். திங்கட்கிழமை கேட்டேன். சிரித்துவிட்டார். தாழ்ப்பாள் துருப்பிடித்து நகரவே இல்லையாம். தலைக்குக் காய்ச்சிய நல்லெண்ணெயில் கொஞ்சம் அதற்கும் விட்டு, கரண்டிக் காம்பால் தட்டித்தான் போட முடிந்ததாம். “உள்ள நின்னு பத்து நிமிசம் சும்மா காதத்தான் தீட்டிட்டு இருந்தேனுங்க. அப்புறந்தான் தண்ணி ஊத்துனேன்.”

மொய்

அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் டைகன்ஸ் குழு 2014இல் வெளியிட்ட ஆய்வில், மாற்றுத்திறன் குழந்தைகளின் தாய்மார் 243 பேருக்கு வாரம் ஒன்றரை மணி நேரம், ஆறு வாரம் வகுப்பு நடந்தது. ஒரு பிரிவுக்கு மூச்சும் தியானமும், மறு பிரிவுக்குக் குற்றவுணர்வு, கவலை முதலியவற்றைக் கையாளும் பயிற்சி. இரண்டு பிரிவிலும் மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தன. எனக்கு அதில் பிடித்த விஷயம், வகுப்பை நடத்தியவர்களும் பயிற்சி பெற்ற தாய்மாரே என்பது. நாங்களும் செய்வோம் என்று ஆறு அம்மாக்களைக் கூப்பிட்டேன். இரண்டாவது வாரமே மூன்று பேர்தான் வந்தார்கள். பிள்ளையை யார் பார்ப்பது? பழைய கேள்விதான்.

தீர்வை நான் சொல்லவில்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்த இன்னோர் அம்மா, “கல்யாணத்துக்கு மொய் வெக்கறாப்பல வெச்சுக்கலாமுங்களே” என்றார். நீ என் பிள்ளையை இரண்டு மணி நேரம் பார்த்தால் உனக்கு இரண்டு மணி நேரம் நான் வைக்க வேண்டும். எழுதி வைக்க ஒரு நோட்டு. கொங்குப் பக்கத்தில் மொய் நோட்டுக்கு இருக்கிற மரியாதை எந்தச் சட்டத்துக்கும் கிடையாது. வாங்கிய மொய்யைத் திருப்பாமல் யாரும் இருக்க மாட்டார்கள். முக்கியமாக, கடன் கேட்கிறோம் என்ற கூச்சம் இல்லை.

முதல் முயற்சி கெட்டது. எங்கள் பையன் மற்ற வீட்டில் மிக்சி போட்டதும் அந்த அம்மாவின் கையைக் கடித்துவிட்டான். இரண்டு பேரும் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் எழுதினோம்: என்ன சத்தம் ஆகாது, என்ன தின்பான், அழுதால் எங்கே கூட்டிப்போக வேண்டும், எதைச் செய்யவே கூடாது. அம்மாக்களே எழுதினார்கள். இவர் எழுதியதில் முதல் வரி: “குக்கர், மிக்சி வேண்டாம். தோசை வெள்ளையாக இருக்கக் கூடாது.” மாற்றி வைப்பதை வீட்டில் செய்யாமல் எங்கள் மையத்திலேயே சனிக்கிழமை மதியம் வைத்துக்கொண்டோம். மூட்டைகளும் ஆயாம்மாவும் அங்கே இருந்தன. இப்போது நான்கு குடும்பங்கள் நோட்டில் இருக்கின்றன.

காகித வேலை பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டை (யு.டி.ஐ.டி.) ஏற்கனவே இருந்தது. மாநில அரசின் மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கும், தேசிய அறக்கட்டளையின் ஒரு லட்சம் ரூபாய் வரையான நிராமயா மருத்துவக் காப்பீட்டுக்கும் விண்ணப்பிக்கவே இல்லை. ஓர் அலுவலகத்தில் நான்கு தரம் அலைய வைத்தார்கள், ஒவ்வொரு தரமும் ஒரு நகல் குறைந்தது. அந்த அலைச்சல் முழுக்க அப்பாவின் பங்கு என்று முன்பே எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தேன். அதில் மட்டும் நான் கறாராக இருந்தேன். பள்ளியில் அம்மா உட்காருவது இப்போது வாரம் இரண்டு நாளாகக் குறைந்திருக்கிறது. வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் வரும் நாட்களில் அவர் வர வேண்டியதில்லை.

எங்கே நிற்கிறது

ஒன்பது மாதத்தில் ஹீமோகுளோபின் 11.3. பி.எச்.க்யூ-9 எட்டு. சாவுக் கேள்விக்குப் பூஜ்யம். ஜாரிட் 41. சுமை பாதியாகக்கூடக் குறையவில்லை, பையன் அதே பையன்தான். இப்போதும் கடிக்கிறான், இப்போதும் தோசைதான். நோட்டைக் குறைத்ததால் அவன் பின்தங்கிவிடுவானோ என்று எனக்கும் உள்ளுக்குள் உதறல் இருந்தது. ‘இன்னும் வேணும்’ என்று கை காட்டுவதைக் கற்றுக்கொண்டான், அதை அப்பாவிடம்தான் முதலில் காட்டினான்.

இடையில் டிசம்பரில் ஒரு சறுக்கல். அரையாண்டு விடுமுறை, கம்பெனியில் ஷிப்மென்ட், அப்பத்தாவுக்கு மூட்டு வீங்கிப் படுக்கை. பத்து நாள் அம்மா மறுபடி நான்கு மணி நேரத் தூக்கத்துக்குப் போனார். இந்தத் தடவை பதினோராவது நாள் அவரே போன் செய்தார். மே விடுமுறைக்கு இப்போதே அட்டவணை போட்டிருக்கிறோம்.

நான் கவனிக்கத் தவறிய இன்னோர் ஆள் மகள். தம்பியின் தோசையைத் தட்டில் வைக்கிற விதம் அவளுக்கு அத்துப்படி. பதினொரு வயதில் அது அத்துப்படியாக இருக்க வேண்டுமா என்று தெரியவில்லை. செவ்வாய், சனி இரவுகளில் அம்மா பக்கத்தில் படுப்பது தனக்காகத்தான் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். யாரும் திருத்தவில்லை.

அம்மாவுக்குத் தனிக் கோப்பு போட்டாயிற்று. அதில் ‘ஒத்துழைப்பு’ என்ற கட்டத்தை அடித்துவிட்டு ‘போன வாரம் தொடர்ந்து எத்தனை மணி நேரம் தூங்கினார்’ என்று எழுதியிருக்கிறேன். மற்ற அம்மாக்களின் கோப்புகளிலும் அப்படியே மாற்றிக்கொண்டிருக்கிறோம். பாதிக்கு மேல் இன்னும் பாக்கி.

மொய் நோட்டில் இன்றைய கணக்குப்படி இவருக்கு ஆறு மணி நேரம் வர வேண்டியிருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள் என்றால் மாட்டேன் என்கிறார். வைகாசியில் தங்கை மகளுக்குப் பூப்புனித நீராட்டுச் சீர், காங்கேயம் பக்கம். நான்கு வருடமாக எந்த விசேஷத்துக்கும் போகாதவர், அதற்கு மொத்தமாக வைத்திருக்கிறாராம்.